நீல நூல்

துணியைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவாள் என்று அந்தத் தெருவில் இஸ்திரிக்காரிக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரில் பாதி அவளே சொல்லிப் பரப்பியது. எதிர்வீட்டுக்காரரின் சட்டைகள் மட்டும் தனி மூட்டையாக வந்தால் அங்கே புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை. தலையணை உறையில் பேனா மை தெரிந்தால் பிள்ளைக்குப் பரீட்சை. தபால்காரரின் கால்சட்டைப் பை வட்டமாகத் தேய்ந்திருந்தால், பெண்டாட்டிக்குத் தெரியாமல் மறுபடியும் பொடி டப்பா வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். இப்படிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே தேய்ப்பாள். துணி கொடுக்க வந்தவர்கள் அடுத்த வீட்டுக் கதையை ஆசையாகக் கேட்டுவிட்டு, தங்கள் கதை எந்த வீட்டுக்குப் போகுமோ என்ற கவலையோடு திரும்புவார்கள்.

வாய்தான் அப்படியே தவிர, கையில் குற்றம் சொல்ல முடியாது. கீழ் வீட்டின் முன்னறைதான் கடை. பழைய கம்பளியை நாலாக மடித்துப் போட்ட மேஜை, அதன்மேல் மஞ்சளேறிய வெள்ளை விரிப்பு, கூரைக் கொக்கியிலிருந்து ஒயர் தொங்கும் கனமான இஸ்திரிப் பெட்டி, ஓட்டை போட்ட மூடியுடன் ஒரு தண்ணீர் பாட்டில். முதலில் காலர், பிறகு கைகளின் பட்டி, பிறகு முதுகு, கடைசியில் பட்டன் பக்கம். ஏழு வருஷத்தில் இந்த வரிசை மாறியதில்லை, ஒரு துணியும் கருகியதில்லை.

அது மழைக்காலம். துணிகள் அரை ஈரமாகவே வந்தன. பெட்டி பட்டதும் ஆவி கிளம்பி, அறை முழுக்கச் சோப்பும் ஈரமும் கலந்த வாசனை. அவளுக்கு மழை பிடிக்கும். மழையென்றால் வேலை கூடும்.

புருஷன் காய்ச்சலில் போனபோது மகளுக்கு ஆறு வயது. அப்போது அவளைக் கூட்டிவந்து கீழ் வீட்டில் குடிவைத்தது அக்கா. மாடியில் அக்காவும் அக்கா புருஷனும் இருந்தார்கள், அவர்களுக்குப் பிள்ளையில்லை. அக்கா புருஷன் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். எந்த வீட்டுக் குழாய் வறண்டாலும் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பார் என்பதால் தெருவே அவரை 'நம்ம மோட்டார்க்காரர்' என்றது. இந்த மேஜையைச் செய்துகொடுத்தவர் அவர், ஒயரை இழுத்துக்கொடுத்தவரும் அவர். மகளின் பள்ளிக்கூட டைரியில் கார்டியன் கையெழுத்தும் அவருடையதுதான். நன்றிக்கு அவள் கையில் இருந்தது இஸ்திரிப் பெட்டி ஒன்றுதான். வாராவாரம் அவருடைய ஆறு நீலச் சட்டைகளையும் யாருடையதற்கும் முன்னால் தேய்த்து மாடிக்கு அனுப்பிவிடுவாள்.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் விடியற்காலை ஐந்து மணிக்கு அவளுக்கு லாட்ஜில் வேலை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த லாட்ஜின் படுக்கை விரிப்புகளை அங்கேயே தேய்த்துவிட்டு ஏழு மணிக்குத் திரும்புவாள். அந்த இரண்டு மணி நேரம் மகள் தனியாகத் தூங்குவாள். துணைக்கு இருக்கட்டும் என்று கதவின் இன்னொரு சாவி மாடியில் இருந்தது.

மகளுக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் ரேடியோ என்று கூப்பிடுவார்கள். காலையில் கண் விழித்தால் பேச்சு, பல் தேய்க்கும்போதும் நுரையோடு பேச்சு, ரொட்டியைக் கடித்துக்கொண்டே கணக்கு டீச்சர் நடப்பதை நடித்துக் காட்டுவது. "ஒரு நிமிஷம் அணைச்சு வையேன்டி" என்று இஸ்திரிக்காரி நாளுக்குப் பத்துத் தரம் கெஞ்சுவாள்.

அந்த ரேடியோ மழை தொடங்கியதிலிருந்து பாடவில்லை. வயசு வருகிறது, அடக்கம் வருகிறது என்று தாய் எண்ணிக்கொண்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இன்னொரு தொல்லைதான் புதிதாக வந்தது. இரவு பைஜாமாவின் நாடாவை அந்தப் பெண் மூன்று முடிச்சு, நாலு முடிச்சு போட்டு இறுக்கிக்கொள்ளத் தொடங்கினாள். காலையில் அவளுக்கே அவிழ்க்க வராது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று தாய்தான் மண்டியிட்டு, நகத்தால் நோண்டி, பல்லால் கடித்து, கடைசியில் கத்திரிக்கோலை எடுப்பாள்.

"பைஜாமா என்ன பறந்தா போயிடும்? மூட்டை கட்டற மாதிரி கட்டி வெச்சிருக்க?"

மகள் சுவரைப் பார்த்தபடி நிற்பாள்.

"இது மூணாவது நாடா. நான் என்ன நாடாக் கடையா வெச்சிருக்கேன்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இதற்கு ஒரு முடிவு கட்டினாள். நாலு பைஜாமாவிலிருந்தும் நாடாவை உருவிப் போட்டாள். ஊக்கின் நுனியில் எலாஸ்டிக்கைக் கோத்து இடுப்புப் பட்டிக்குள் விட்டு, நாலையும் தைத்து மடித்து வைத்தாள். அவளுக்குத் தன் சாமர்த்தியத்தில் ஒரே திருப்தி. மகளோ அதைப் பார்த்ததும் உட்கார்ந்து அழுதாள். குரலே எழும்பாமல், தோள் மட்டும் குலுங்க அழுதாள்.

"கயித்துக்கா அழற? பைத்தியம். இனிமே சுலபம், இழுத்தா வந்துடும்" என்றாள் தாய்.

மறுநாள் திங்கட்கிழமை. லாட்ஜிலிருந்து ஏழு மணிக்குத் திரும்பியபோது, மகள் சீருடை போட்டுத் தலைவாரி, கடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். "பார்த்தியா, எலாஸ்டிக் போட்டதும் எவ்வளவு சீக்கிரம் கிளம்பிட்ட!" என்று இஸ்திரிக்காரி சிரித்தாள். பாவாடையின் பின்பக்கம் நனைந்திருந்தது. ஈரப் படியில் உட்காருவார்களா என்று அதற்கும் ஒரு திட்டு. கழற்றச் சொல்லி, தேய்த்துக் காயவைத்து, மறுபடி உடுத்தி அனுப்பினாள்.

அன்று பதினோரு மணிக்கு ஒரு பெண் சின்ன மூட்டையோடு கடைக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு மூட்டையை மேஜைமேல் வைத்தாள். இஸ்திரிக்காரி வழக்கம்போல முதல் சட்டையை விரித்துப் பார்த்தாள். மூன்றாவது பட்டன் நீல நூலில் தைத்திருந்தது. அவள் முகம் சிவந்தது.

"ஓ, அந்த நீல நூல் நீங்கதானா?"

"எந்த நீல நூல்?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க? என் பொண்ணு வெள்ளைச் சட்டையில நீல நூல்ல பட்டன் தைச்சு தைச்சு அனுப்பறீங்களே. இஸ்திரிக்காரி பொண்ணுக்கு ஒரு பட்டன் தைச்சுப் போட ஆள் இல்லன்னு பள்ளிக்கூடம் பூரா பேசாதா? நானும் ஒவ்வொரு தடவையும் அறுத்துட்டு வெள்ளையில தைக்கறேன். மறுபடியும் நீலம்!"

வந்தவள் சிரித்தாள். "திட்டுங்க, தப்பில்ல. பெட்டியில நீல நூல் மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு. நான் ஸ்கூல்ல கவுன்சிலர், பிள்ளைங்க மனசுக் கஷ்டத்தைக் கேக்கற வேலை. பிள்ளைங்க பட்டன் மிஸ்னு கூப்பிடும்."

"கவுன்சிலருக்கு ஏங்க பட்டன்?"

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல பழைய மேப் எல்லாம் போட்டு வெச்சிருந்த ரூமைக் குடுத்தாங்க. வாசல்ல போர்டு மாட்டினேன். ஆறு மாசம் ஒரு பிள்ளையும் வரல. வந்தா, இவளுக்கு வீட்டுல என்னமோன்னு மத்ததுங்க பேசுமே. போர்டைக் கழட்டிட்டு ஒரு டப்பா நிறைய பட்டனும் ஊசி நூலும் வெச்சேன். பட்டன் போயிடுச்சு மிஸ்னு யாரு வேணும்னாலும் வரலாம். தைக்கப் பத்து நிமிஷம் ஆகும். நான் மெதுவாத்தான் தைப்பேன்."

"அது பார்த்தாலே தெரியுது" என்றாள் இஸ்திரிக்காரி. கோபம் பாதி இறங்கியிருந்தது. "இவளுக்கு மட்டும் எப்படி இத்தனை பட்டன் போவுது?"

"அவளே பிச்சிட்டு வருவா. மூணு வாரமா வர்றா. உக்காந்து நான் தைக்கறதையே பார்த்துட்டு இருப்பா. பேச மாட்டா. நானும் தோண்டித் துருவ மாட்டேன். இன்னிக்கு முதல் மணி அடிக்கறதுக்கு முன்னாடியே வந்தா. சட்டையில எல்லா பட்டனும் இருந்துச்சு."

இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வந்து என்ன சொன்னா?"

"'மிஸ், எங்கம்மா நாடாவை உருவிட்டாங்க'ன்னா."

"இதைப் போய் ஒரு புகாரா சொல்லிச்சா அந்தக் கழுதை?" என்று சிரிக்கப் போனவள், எதிரில் இருந்த முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"கடையைக் கொஞ்சம் சாத்திக்கலாமா?" என்றாள் பட்டன் மிஸ்.

ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார்கள். வெளியே மழை தகரக் கூரையில் சீராக விழுந்துகொண்டிருந்தது.

"சுத்தி வளைக்காம சொல்லிடறேன்மா. நீங்க லாட்ஜுக்குப் போற நேரத்துல ஒரு ஆள் சாவி போட்டு உள்ள வந்து, தூங்கற பிள்ளை உடம்புல கை வைக்கறான். அந்தக் கையைத் தடுக்கத்தான் அவ முடிச்சு போட்டா."

"யாரு?"

"அவ சொன்னதை அப்படியே சொல்றேன். பெரியப்பான்னு சொன்னா."

"இல்ல" என்றாள் இஸ்திரிக்காரி. உடனே, யோசிக்காமல் சொன்னாள். "இருக்காதுங்க. மாமா அப்படிப்பட்டவர் இல்ல. தெருவில யாரை வேணும்னாலும் கேளுங்க. இந்த மேஜை அவர் போட்டது. அவ ஏதாவது கனவு கண்டிருப்பா. சினிமா பார்த்திருப்பா. தூக்கத்துல போர்வையைச் சரி பண்ணியிருப்பாரு, இது பயந்திருக்கும்."

பட்டன் மிஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேசாமல் இருக்கத் தெரிந்தவள் அவள்.

இஸ்திரிக்காரி பெட்டியை எடுத்தாள். கைக்கு வேறொன்றும் தெரியவில்லை. விரித்திருந்த சட்டையின் காலரைத் தேய்த்தாள். கைப் பட்டியைத் தேய்த்தாள். முதுகுப் பக்கம் வந்தபோது அவள் கை நின்றது.

"எல்லா நாளும் முடிச்சு இருக்காது" என்றாள், தனக்குத்தானே பேசுவதுபோல.

"என்னது?"

"செவ்வாய்க்கிழமை அவிழ்த்து விடுன்னு கூப்பிட மாட்டா. வியாழனும் இல்ல. சனி, ஞாயிறு இல்ல. நான் வீட்டுல இருக்கற நாள்ல சாதாரணமா கட்டியிருப்பா. நான் லாட்ஜிலேர்ந்து வந்ததும்தான் கத்திரிக்கோலைத் தேடுவேன். திங்கள். புதன். வெள்ளி." அவள் நிமிர்ந்தாள். "திங்கள், புதன், வெள்ளிங்க."

"ஆமாம்மா."

"ஊரார் சட்டைப் பையில என்ன இருக்குன்னு சொல்றவ நான்! என் பொண்ணு இடுப்புக் கயிறு என் பல்லுல கடிபட்டுச்சே, அதைப் படிக்கத் தெரியலியே எனக்கு! கடைசியில நானே உருவிப் போட்டேன். இன்னிக்குக் காலையில..."

"இன்னிக்கு ஒண்ணும் நடக்கல" என்றாள் பட்டன் மிஸ் அவசரமாக. "நீங்க அஞ்சு மணிக்குக் கிளம்பினதும் எழுந்து ட்ரெஸ் மாத்திட்டு வெளிய வந்துட்டா. நீங்க வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் கடைப் படியிலயே உக்காந்திருக்கா."

பாவாடை ஈரம் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் புருஷனுக்குக்கூட அப்படி அழவில்லை. பட்டன் மிஸ் தடுக்கவுமில்லை, தட்டிக் கொடுக்கவுமில்லை. எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து இஸ்திரிக்காரி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "இப்ப நான் என்ன பண்ணணும்? மேல போய் அந்த ஆளைக் கேட்கட்டுமா?"

"கேட்கக் கூடாது. அவருக்கு இப்பத் தெரியக் கூடாது. அதனாலதான் சீட்டு எழுதி அனுப்பாம நானே துணி மூட்டையோட வந்தேன். சீட்டு அனுப்புங்கன்னுதான் ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னாங்க, அதுதான் ஸ்கூல் வழக்கம். டைரியில கையெழுத்து யாருதுன்னு பார்த்தேன். சீட்டு முதல்ல அவர் கைக்குத்தான் போகும்."

"போலீஸுக்குப் போகணுமா?"

"நான் காலையிலயே எழுதிக் குடுத்துட்டேன். குழந்தைகள் நல அதிகாரிக்கும் போலீஸுக்கும். ஒரு பிள்ளை இப்படிச் சொன்னா நான் சொல்லியே ஆகணும், அது சட்டம். உங்க சம்மதம் கேட்க நான் வரலம்மா."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"இப்ப அவங்க ஸ்கூலுக்கு வருவாங்க. அவ எல்லாத்தையும் இன்னொரு தடவை சொல்லணும். அப்ப பக்கத்துல யாரு இருக்கணும்னு கேட்டேன். 'அம்மா. ஆனா அம்மா பெரியம்மாவை விட்டுட்டு வருவாங்களா'ன்னு கேட்டா."

இஸ்திரிக்காரி பாதியில் கிடந்த சட்டையைப் பார்த்தாள். மறுபடி சுவிட்சைப் போட்டு, முதுகையும் பட்டன் பக்கத்தையும் தேய்த்து, மடித்து வைத்தாள். அன்றும் கருகவில்லை. மூலையில் இருந்த மாடி வீட்டு மூட்டையை, அந்த ஆறு நீலச் சட்டைகளை, காலால் தள்ளி மேஜைக்கு அடியில் விட்டாள்.

"வாங்க போகலாம்" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை வராந்தாவிலேயே காத்திருந்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "உள்ளுக்குள்ளயே பேசிப் பார்த்திருக்கலாம். நாளைக்கு ஸ்கூல் பேரு அடிபடுமே" என்று பட்டன் மிஸ்ஸிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஒரு பிள்ளை வந்து சொல்ற மாதிரி இந்த ஸ்கூல்ல ஒரு இடம் இருக்குன்னுதான் மேடம் பேரு வரும்" என்றாள் பட்டன் மிஸ். "அப்படி வரலன்னாலும் பரவாயில்ல. எழுதினதை நான் திரும்ப வாங்கறதா இல்ல."

அந்த அறையில் சுவரெல்லாம் பழைய வரைபடங்களின் ஆணித் தடம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, பிஸ்கட் டப்பா நிறையப் பட்டன்கள். மகள் பட்டன்களை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தாயைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

"திட்டுவியாம்மா?"

இஸ்திரிக்காரி அவள் முன்னால் மண்டியிட்டாள். முடிச்சு அவிழ்க்க மண்டியிடும் அதே உயரம்.

"உன்னை எதுக்குடி திட்டுவேன்? என்னைத்தான் திட்டிக்கணும். நாடாவை உருவினது நான்தானே கண்ணு."

"எலாஸ்டிக் நல்லாத்தான் இருந்துச்சும்மா" என்றாள் மகள், தாயைச் சமாதானப்படுத்துவதுபோல. "அதுல முடிச்சுதான் போட முடியல."

தாய் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்தப் பெண் முதலில் கட்டை போல விறைத்து நின்று, பிறகு மெதுவாகத் தலையைச் சாய்த்தாள்.

"நான் உன்கூடத்தான் இருப்பேன். பெரியம்மா இல்ல, இந்த உலகமே தலைகீழா நின்னாலும் உன்கூடத்தான். நீ யாருகிட்ட என்ன சொல்லணுமோ பயப்படாம சொல்லு. ரேடியோவை அணைன்னு இனி ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டேன்."

இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். இருவரும் பெண்கள், போலீஸ்காரிகூடச் சாதாரண உடுப்பில்தான் வந்தாள். மகள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். அவள் திக்கிய இடத்தில் பட்டன் மிஸ் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஊசியில் நூலைக் கோத்தபடி, எவ்வளவு நேரமானாலும் சரி என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். மகளின் இடது கை தாயின் துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டது. இஸ்திரிக்காரி ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள். காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது, பொத்திக்கொள்ளவில்லை. மருத்துவமனைக்கும் கூடவே போனாள். நான்கு மணி வாக்கில் மோட்டார்க்காரனை அவன் வேலை பார்த்த பட்டறையிலிருந்தே அழைத்துப் போய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. இவ்வளவு நேரம் அவர், இவர் என்று சொன்னது போதும், இனி அவன் என்றே சொல்லலாம்.

மகளைப் பட்டன் மிஸ்ஸோடு விட்டுவிட்டு, மாற்றுத் துணி எடுக்க இஸ்திரிக்காரி வீட்டுக்கு வந்தாள். இன்னும் இருட்டவில்லை. அக்கா கடைக்குள் மேஜையருகே நின்றிருந்தாள். தலை கலைந்திருந்தது.

"என்ன காரியம்டி பண்ணியிருக்க? ஊரு முன்னாடி உங்க மாமாவை இழுத்துட்டுப் போறாங்க. நீதான் சொன்னேன்னு சொல்றாங்க."

"நான் சொல்லலக்கா. அவ சொன்னா. நான் பக்கத்துல இருந்தேன்."

"சின்னப் பொண்ணு என்னத்தையோ உளறினா அதுக்கு மாமாவை..."

"மாமான்னு சொல்லாத. அந்த ஆளுன்னு சொல்லு."

அக்கா அடிபட்டதுபோல நின்றாள். பிறகு குரலை மாற்றினாள். கெஞ்சினாள்.

"இங்க பாரு. நான் உன்னைத் தூக்கி வளர்த்தவ. நான் சொல்றதைக் கேளு. சாவியை இப்பவே உன்கிட்டக் குடுத்துடறேன். அவர் இனிமே கீழ கால் வைக்க மாட்டார், அதுக்கு நான் பொறுப்பு. தப்பாப் புரிஞ்சுகிட்டோம்னு எழுதிக் குடுத்துடு. வெளிய தெரிஞ்சா நாளைக்கு அந்தப் பொண்ணை யாரு ஏத்துப்பா? அவ வாழ்க்கையை யோசி."

"அதைத்தான் யோசிக்கறேன்."

"நீ என்ன யோசிச்ச? நான்தான் யோசிச்சேன். நீ லாட்ஜுக்குப் போறப்ப அவளை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கச் சொல்லுன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லியா? கேட்டியா நீ?"

சொல்லி முடித்த பிறகுதான் அக்காவுக்குத் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது. கையால் வாயை மூடிக்கொண்டாள்.

இஸ்திரிக்காரிக்கு அந்த நாள் நினைவு வந்தது. மழை தொடங்கிய வாரம். அக்கா படியில் நின்று போகிறபோக்கில் சொன்னாள். 'திருடன் வந்தா மேல மாமா இருக்காரே' என்று இவள் சிரித்தாள். அக்கா பதில் பேசாமல் மேலே போய்விட்டாள்.

"தாழ்ப்பாள் போடச் சொன்ன" என்றாள் இஸ்திரிக்காரி மெதுவாக. "ஏன்னு சொல்லலியே அக்கா."

"எனக்கு நிச்சயமாத் தெரியாதுடி. சத்தியமா. சந்தேகம்தான். எங்கிட்ட வேற என்ன இருக்கு? அவர் போனா எனக்கு யாரு இருக்கா?"

"பதிமூணு வயசுப் பொண்ணு பட்டனைப் பிச்சிட்டுப் போய் ஒரு ஆளைத் தேடியிருக்கா. மாடியில அவளுக்கு ஒரு பெரியம்மா இருந்தும்."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தரையில் ஊன்றியிருந்த அவள் கையை இஸ்திரிக்காரி பார்த்தாள். தாய் இல்லாத வீட்டில் தனக்குத் தலைவாரி விட்ட கை அது. பக்கத்தில் போய் உட்கார ஒரு கணம் ஆசை வந்தது. போகவில்லை. உள்ளே போய்த் துணிகளை எடுத்தாள். அலமாரிக்கு அடியில் சுருட்டிப் போட்டிருந்த நான்கு நாடாக்களையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள். மேஜைக்கு அடியில் கிடந்த மாடி வீட்டு மூட்டையை எடுத்து, கசங்கியது கசங்கியபடியே அக்காவின் பக்கத்தில் வைத்தாள்.

"நீ எப்ப வேணும்னாலும் எங்கிட்ட வரலாம்கா. அந்த ஆளை விட்டுட்டு வா. இந்த மேஜை எனக்கு வேணாம்."

லாட்ஜின் மேற்பார்வை அம்மாள் அதட்டலுக்குப் பேர்போனவள். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள். அவளிடம் போய் விஷயத்தை மறைக்காமல் சொன்னபோது, அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் பின்கட்டில் இருந்த சாமான் அறையைத் திறந்துவிட்டாள். கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முதலில் பார்த்தவளும் அவள்தான். லாட்ஜ் வேலை இனி வாசல் தாண்டிப் போகாமல், மகள் எழுந்த பிறகு நடந்தது. லாட்ஜின் பழைய மேஜை ஒன்றை வாங்கிப் போட்டு அந்தப் பின்கட்டிலேயே இஸ்திரிக் கடையும் வைத்துக்கொண்டாள்.

தெருவில் பாதி வீடுகள் துணி கொடுப்பதை நிறுத்தின. நம்ம மோட்டார்க்காரர் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று அவனுக்குப் பரிந்து பேசினார்கள். தண்ணீர் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்ற கவலையும் அதில் கொஞ்சம் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் மட்டும் தன் தனி மூட்டையைத் தானே சுமந்துகொண்டு ரயில் நிலையம் தாண்டி வந்தார். "உன்னை மாதிரி மடிக்க அங்க ஆள் இல்லம்மா" என்றார். தபால்காரரின் மனைவியும் வந்தாள். வழக்கு ஒரு பக்கம் நடந்தது. இரண்டு தடவை கூப்பிட்டார்கள், இரண்டு தடவையும் கடையைச் சாத்திவிட்டுப் போனாள். இன்னும் எத்தனை தடவை கூப்பிட்டாலும் போவதாக இருந்தாள். மகள் புதன்கிழமைதோறும் கடைசி மணியில் பட்டன் மிஸ்ஸிடம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அதற்காக அவள் பட்டனைப் பிய்க்க வேண்டியிருக்கவில்லை.

நாலு பைஜாமாவிலும் எலாஸ்டிக்கைப் பிரித்து நாடாவைத் திரும்பக் கோத்தது அந்தப் பின்கட்டுக்கு வந்த அன்றே நடந்தது. முதல் வாரம் தினமும் முடிச்சு. இஸ்திரிக்காரி ஒரு வார்த்தை பேசாமல் மண்டியிட்டு, எவ்வளவு நேரமானாலும் கத்திரிக்கோல் இல்லாமலே அவிழ்த்தாள். இரண்டாம் வாரம் மூன்று முடிச்சு இரண்டானது. மழை ஓய்ந்து நல்ல வெயில் அடித்த ஒரு திங்கட்கிழமை காலை, அவள் வழக்கம்போலக் கதவருகே மண்டியிடத் தயாராக நின்றபோது, மகள் சீருடையோடு வெளியே வந்தாள்.

"அவிழ்க்கணுமே?"

"நானே அவிழ்த்துட்டேன். ஒத்த முடிச்சுதான். நேரமாச்சும்மா, ரொட்டி எங்க? அம்மா, கணக்கு டீச்சர் வெள்ளிக்கிழமை என்ன பண்ணாங்க தெரியுமா..."

வாய் நிறைய ரொட்டியோடு ரேடியோ பாடியது. இஸ்திரிக்காரி அடுப்பில் டீ பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் கடைசிவரை கேட்டாள்.

மகள் கிளம்பும் முன் மேஜையருகே நின்றாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டைகள் இப்போது நிறைய வந்தன, பள்ளிக்கூடம் இங்கிருந்து பக்கம். தேய்க்க விரித்திருந்த வெள்ளைச் சட்டை ஒன்றின் இரண்டாவது பட்டன் நீல நூலில் தைத்திருந்தது. தையல் மோசம். இந்த மாதத்தில் அவள் கைக்கு வந்த மூன்றாவது நீல நூல் சட்டை அது.

"அம்மா, இது யாரு சட்டை?"

எந்த வீட்டுச் சட்டை என்று இஸ்திரிக்காரிக்கு நன்றாகத் தெரியும். எந்தத் தெரு, எத்தனையாவது கதவு, காலையில் யார் கொண்டுவந்து போட்டார்கள், எல்லாம் தெரியும்.

"ஒரு பொண்ணோடது" என்றாள்.

"வெள்ளை நூல்ல மாத்தித் தைக்கப் போறியா?"

"இல்ல. அப்படியே இருக்கட்டும்."

பட்டனைச் சுற்றிப் பெட்டியின் நுனியால் மெதுவாக, நூல் சூடுபடாமல் தேய்த்தாள். மடித்து, நீல நூல் உள்பக்கம் போகும்படி மற்றச் சட்டைகளுக்கு நடுவில் வைத்தாள். மதியம் அந்தச் சட்டையை வாங்க வந்தவர்கள் வழக்கம்போல அரை மணி நேரம் நின்று ஊர்க்கதை கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் கதை சொன்னாள், தபால்காரர் கதை சொன்னாள். அந்தச் சட்டையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.